ஹாஜியின் முதுசம்

உதைபந்தாட்ட வீரன் ஒருவனின் பெருமையை அளப்பதற்கு உலகம் இரண்டு அளவுகோல்களையே கைக்கொள்கிறது. ஒன்று, அவன் அடித்த கோல்கள். மற்றையது, அவன் வென்ற கிண்ணங்கள். இவை பொய்யான அளவுகோல்கள் அல்ல. ஆயினும் ஆட்டம் ஓய்ந்ததும் இவை கணக்கை மூடிவிடுகின்றன. ஆடுகளத்தை விட்டு நீங்கிய பின்னர் அம்மனிதன் என் செய்தான், தான் பெற்ற கலையை எவரிடம் ஒப்படைத்தான் என்னும் வினாவைப் பலரும் எழுப்புவதில்லை. ருமேனிய நாட்டின் நடுக்கள வீரர் கியோர்கே ஹாஜியின் வாழ்வை நோக்குமிடத்து, இந்த மூன்றாவது அளவுகோலே மிகவும் பொருத்தமானது என்பது எமது கருத்து.

பெயரைக் கண்டதும் மக்காவுக்குச் சென்று வந்த இஸ்லாமியர் ஒருவரே நம் நினைவுக்கு வருவார். ஆனால் ஹாஜி கிறிஸ்தவர். துருக்கியரின் ஆட்சி பரவியிருந்த பால்கன் நாடுகளில், ஜெருசலேம் யாத்திரை சென்று திரும்பிய கிறிஸ்தவர்களும் அப்பட்டத்தையே பூண்டனர். காலப்போக்கில் அது குடும்பப் பெயராயிற்று. ஆரோமேனியர் என்னும் சிறுபான்மை இனத்தைச் சேர்ந்த குடும்பமொன்றில், கருங்கடலை அண்டிய கொன்ஸ்டான்சா மாவட்டத்தின் சசேலே என்னும் கிராமத்தில், 1965 பெப்ரவரி 5ஆம் நாள் அவர் பிறந்தார்.

கிராமத்துச் சிறுவன் ஒருவன் உலகறிந்த வீரனானது அற்புதத்தால் அன்று. அக்காலத்து ருமேனியாவில் திறமையுள்ள பிள்ளைகளைத் தேடிப் பிடித்து ஓரிடத்திற் சேர்த்துப் பயிற்றும் ஏற்பாடு ஒன்று இருந்தது. 1980இல், பதினைந்து வயதில், ஹாஜி தலைநகர் புக்காரெஸ்டில் இருந்த லுச்சாஃபருல் என்னும் பயிற்சிக் கழகத்துக்கு எடுக்கப்பட்டார். பதினெட்டு வயதிலே, 1983இல், தேசிய அணியின் உடையை அணிந்தார். ஸ்போர்ட்டுல் ஸ்டுடென்செஸ்க் கழகத்துக்காக 1984-85ஆம் பருவத்தில் 20 கோல்களும், அடுத்த பருவத்தில் 31 கோல்களும் அடித்து, இரு முறையும் நாட்டின் லீக் போட்டியில் முதலிடம் பெற்றார்.

இந்த ஏற்பாட்டுக்கு மற்றொரு முகமும் உண்டு. 1987 பெப்ரவரியில், ஐரோப்பிய சுப்பர் கிண்ணத்துக்கான ஒரேயொரு ஆட்டத்துக்காக இராணுவத்தின் கழகமான ஸ்டெயாவா ஹாஜியை இரவல் வாங்கியது. மொனாக்கோவில் நடந்த அவ்வாட்டத்தில் கியேவ் டைனமோ அணிக்கு எதிரான ஒரே கோலை அவரே அடித்தார். அதன் பின் ஸ்டெயாவா அவரைத் திருப்பிக் கொடுக்கவேயில்லை; பழைய கழகத்துக்கு விலையும் கொடுக்கவில்லை. வளர்த்த கை பிடுங்கவும் செய்யும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. அரசின் அனுமதியின்றி அன்னிய நாட்டுக் கழகம் எதிலும் ஆட இயலாத காலம் அது. 1989 டிசம்பரில் சௌசெஸ்குவின் ஆட்சி வீழ்ந்த பின்னரே ஹாஜிக்கு வழி திறந்தது.

1990இல் அவர் றியல் மட்றிட் கழகத்திற் சேர்ந்தார். அங்கு இரண்டாண்டு, பின்னர் 1994 தொடக்கம் பார்சிலோனாவில் இரண்டாண்டு. இரு பெருங் கழகங்களிலும் அவர் லீக் வெற்றி காணவில்லை. இதனைச் சுட்டி அவரைக் குறைத்து மதிப்போர் உளர். அவர்கள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தைக் காண மறந்துவிடுகின்றனர். 1992இல் இத்தாலியின் பிரெஷியா என்னும் சிறு கழகத்துக்கு அவர் சென்றார். அடுத்த ஆண்டே அக்கழகம் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. மட்றிட்டில் ஆடிய வீரர் மூட்டை கட்டிப் புறப்பட்டிருந்தால் எவரும் வியந்திரார். ஹாஜி அங்கேயே நின்று, 1994இல் கழகத்தை மீண்டும் முதற் பிரிவுக்கு உயர்த்துவதில் பங்குகொண்டார்.

அவ்வாண்டு கோடையில் ஐக்கிய அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியே அவரது ஆட்டத்தின் உச்சம். ஜூன் 18ஆம் நாள் பசடீனாவில் கொலம்பியாவுக்கு எதிராக, இடப்பக்க ஓரத்தில் வெகு தொலைவில் நின்றபடி அவர் இடக்காலால் உயர்த்திய பந்து, முன்னே வந்து நின்ற கோல் காப்பாளரின் தலைக்கு மேலே வளைந்து வலையுள் விழுந்தது. ஜூலை 3ஆம் நாள் ஆர்ஜன்டீனாவை ருமேனியா 3-2 என வென்றது. அதற்கு முன்னரே ஊக்கமருந்துச் சோதனையில் தவறி மரடோனா போட்டியிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். "கார்ப்பாத்திய மலையின் மரடோனா" என்று உலகம் அழைத்த மனிதர், அசல் மரடோனா இல்லாத களத்தில் தம் சொந்தப் பெயருக்கே பெருமை தேடிக்கொண்டார். கால் இறுதியில், ஜூலை 10ஆம் நாள், சுவீடனுடன் 2-2 எனச் சமநிலை கண்டு, தண்ட உதைகளில் ருமேனியா தோற்றது.

அந்த அணியில் ஹாஜி தனியராக நிற்கவில்லை. பொப்பெஸ்கு, டுமிட்ரெஸ்கு, பெட்ரெஸ்கு, பெலோடெடிச் முதலியோர் உடன் ஆடினர். இவர்கள் யாவரும் 1989க்கு முன்னர் பயின்றவர்கள். யாழ்ப்பாணத்துத் தேசவழமை, ஒருவனது உடைமையை முன்னோர் வழி வந்த முதுசம் என்றும், அவன் தன் காலத்தில் ஈட்டிய தேடியதேட்டம் என்றும் பிரித்துக் காட்டும். 1994ஆம் ஆண்டின் ருமேனியா முதுசத்தைச் செலவிட்டே வாழ்ந்தது. தேட்டம் எதுவும் சேரவில்லை என்பதை அன்று எவரும் உணரவில்லை.

ஹாஜியின் குறைகளையும் மறைத்தல் ஆகாது. அவர் கோபக்காரர். 1996இல், முப்பத்தொரு வயதில், துருக்கியின் கலட்டாசராய் கழகத்திற் சேர்ந்து, தொடர்ந்து நான்கு லீக் வெற்றிகளில் முன்னின்றார். 2000 மே 17ஆம் நாள் கோபன்ஹேகனில் அக்கழகம் ஆர்சனலை வென்று யூஈஎஃப்ஏ கிண்ணத்தைப் பெற்றது. ஐரோப்பியக் கிண்ணம் ஒன்று துருக்கிக் கழகத்துக்குக் கிட்டியது அதுவே முதன்முறை. ஆனால் தண்ட உதைகள் நடந்தபோது ஹாஜி களத்தில் இல்லை. மேலதிக நேரத்தில் சிவப்பு அட்டை பெற்று வெளியேறியிருந்தார். அடுத்த மாதம், இத்தாலிக்கு எதிராகத் தேசிய அணிக்கு ஆடிய இறுதி ஆட்டத்திலும் அவருக்கு அதே கதியே நேர்ந்தது. 124 ஆட்டங்கள், 35 கோல்கள் என்ற அரிய கணக்கு இவ்வாறு கசப்புடன் முடிந்தது. 2001இல் தேசிய அணியின் பயிற்றுநராகியும் அதனை அடுத்த உலகக் கிண்ணத்துக்கு இட்டுச்செல்ல அவரால் முடியவில்லை.

அங்கிருந்து தொடங்கியதே ருமேனியாவின் நீண்ட வறட்சி. 2002 தொடக்கம் 2022 வரை நடந்த ஆறு உலகக் கிண்ணப் போட்டிகளில் ஒன்றிலேனும் அந்நாடு ஆடவில்லை. பழைய அரசு போனதும், இராணுவமும் ஆலைகளும் கழகங்களைத் தாங்கிய முறையும் குலைந்தது. நல்ல வீரர்கள் விற்பனைப் பொருளாயினர். விற்ற பணம் பயிற்சிக் களங்களுக்குத் திரும்பி வரவில்லை. வீரர் விற்பனையில் நடந்த மோசடிக்காக, 2014இல் உதைபந்தாட்ட உலகின் பிரமுகர் பலருக்கு ருமேனிய நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. பிடுங்கும் கை மாறியது. வளர்க்கும் கையோ காணாமற் போயிற்று.

இந்நிலையிலேதான் 2009இல் ஹாஜி தம் சொந்தப் பணத்தைக் கொண்டு, கொன்ஸ்டான்சாவை அடுத்த ஒவிடியு என்னும் சிற்றூரில் இளைஞர் பயிற்சிப் பள்ளியையும் கழகத்தையும் நிறுவினார். உரோமைப் பெருங்கவி ஒவிட் நாடுகடத்தப்பட்டு மாண்ட கடற்கரை அது. ஊர் அக்கவிஞனின் பெயரையே தாங்கி நிற்கிறது. கழகத்துக்கு ஹாஜி இட்ட பெயர் விட்டோருல், அதாவது எதிர்காலம். 2012இல் அது முதற் பிரிவை எட்டியது. 2017இல், பெரும்பாலும் இளைஞர்களைக் கொண்ட அணியுடன், தலைநகரின் செல்வக் கழகத்துக்குச் சமமான புள்ளிகளைப் பெற்று, இரு அணிகளும் தம்முள் ஆடிய ஆட்டங்களின் முடிவால் நாட்டின் லீக் வெற்றியைத் தட்டிக்கொண்டது. 2021இல் அது ஹாஜியின் பழைய கழகமாகிய ஃபாருலுடன் இணைந்தது. 2023இல் ஃபாருல் என்ற பெயரிலும் லீக் வெற்றி கிட்டியது.

கிண்ணங்களிலும் மேலான சான்று 2024ஆம் ஆண்டின் ஐரோப்பியப் போட்டியில் கிடைத்தது. ருமேனியா தன் பிரிவில் முதலிடம் பெற்று அடுத்த சுற்றுக்குச் சென்றது. அப்பிரிவு ஆட்டங்களில் இரு கோல்களை அடித்த ரஸ்வான் மரின் ஒவிடியுப் பள்ளியில் வளர்ந்தவர். அவருடன் ஆடிய யானிஸ், ஹாஜியின் மகன்.

இதுவும் ஒரு வாணிபமே, ஹாஜியும் வீரர்களை விற்கிறாரே என்று சிலர் கூறலாம். விற்பது மெய்தான். விற்ற பணம் எங்கே செல்கிறது என்பதே வினா. பிறர் அறுவடையை விற்று விதைநெல்லையும் உண்டனர். இவர் அடுத்த போகத்துக்கு விதை வைத்தார். தம் மகனையே இளவயதில் அணித்தலைவன் ஆக்கினாரே என்று கேட்பின், அக்கேள்வி நியாயமானதே. ஆனால் ஒரு மகனுக்காக மட்டும் எவரும் இத்தனை ஆடுகளங்களை அமைப்பதில்லை.

எமக்குள்ள ஐயம் வேறு. தனி மனிதன் ஒருவனின் கொடை, ஒரு நாட்டின் கடமைக்கு ஈடாகுமா? ஆகாது. ஹாஜியைப் பதினைந்து வயதிற் கண்டெடுத்த ஏற்பாடு கொடிய ஆட்சியொன்றின் கையில் இருந்தது. அக்கொடுமையை ஒழித்தது தக்கதே; அதனுடன் பள்ளியையும் ஒழியவிட்டதே பெரும்பிழை. அப்பிழையைத் திருத்த ஹாஜி போன்ற ஒருவர் எல்லா நாட்டுக்கும் எல்லாக் காலத்திலும் வாய்ப்பதில்லை.

பசடீனாவில் வளைந்து சென்ற அந்தப் பந்தைக் கண்டவர்கள் மறவார். ஆனால் கண்டவர்களோடு அந்நினைவும் மறையும். தாம் பெற்ற முதுசத்தை உண்டு தீர்க்காமல், தம் தேட்டத்தையும் அதனோடு சேர்த்துப் பிறர் பிள்ளைகளுக்கு எழுதி வைத்த செயலே நிலைக்கும். கியோர்கே ஹாஜியைப் பெரியவர் என்று நாம் சொல்வது அதன் பொருட்டே.