ஊட்டிக்கு ஏறும் பல்சக்கர என்ஜின்

ஆரணியில் பட்டுத்தறி பழுதானால் உள்ளூர்த் தச்சரே சரிசெய்துவிடுவார். ஊட்டி மலை ரயிலைப் பின்னாலிருந்து தள்ளி ஏற்றும் ‘எக்ஸ்’ வகை நீராவி என்ஜின் பழுதானால்? அது சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்தது. 1914ல் தொடங்கி, கடைசி என்ஜின்கள் 1952ல் வந்தன.

கல்லாறு - குன்னூர் இடையே 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். வெறும் சக்கரம் வழுக்கும். அதனால் தண்டவாளங்களின் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை. என்ஜினில் நான்கு சிலிண்டர்கள்: இரண்டு சக்கரங்களை ஓட்டும்; அங்கே வேலை முடித்த நீராவியே மற்ற இரண்டில் புகுந்து பல்சக்கரத்தைச் சுழற்றும்.

2005ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. பழைய என்ஜின்களோ தேய்ந்துகொண்டே வந்தன. திருச்சி பொன்மலை பணிமனைத் தொழிலாளர்கள் எண்ணெயில் ஓடும் புது என்ஜின்களைச் செய்தார்கள். 2021ல் நிலக்கரி என்ஜினும் செய்து காட்டினார்கள். இனி பழுதென்றால் பொன்மலை இருக்கிறது!