டபுளை அப்படியே விடலாமா?

ரொம்ப நாளா எழுத நினைச்ச விஷயம். சீட்டாட்டப் பதிவுன்னு பார்த்ததும் ஓடிடாதீங்க மக்களே, ரெண்டு மனுஷங்க கதையும் இதுல இருக்கு.

பிரிட்ஜ் தெரியாதவங்களுக்காக நாலு வரி. இருபத்தெட்டு மாதிரியே முதல்ல கேள்வி, அப்புறம் ஆட்டம். எதிராளி '1 ஸ்பேடு'ன்னா, ஸ்பேடு துருப்பா வச்சு 7 பிடி எடுக்கறேன்னு அர்த்தம். அதுக்கு நம்ம பார்ட்னர் 'டபுள்' சொன்னா, பேரைப் பார்த்து ஏமாறக்கூடாது. "எங்கிட்ட நல்ல சீட்டு இருக்கு, ஸ்பேடு கம்மி, மத்த மூணுல உனக்கு எது நீளம்?"னு கேக்கறார். நாம பாஸ் சொன்னா டபுள் அப்படியே நின்னுடும்.

நான் ஆட ஆரம்பிச்ச புதுசு. பார்ட்னர் எழுபதைத் தாண்டினவர், எனக்கு 'சார்'. இதே 1 ஸ்பேடு, சார் டபுள். எங்கிட்ட ஸ்பேடு 8, 6, 5, 4, 2. மத்ததுல பெருசா ஒரே ஒரு ஜாக்கி. 'அஞ்சு ஸ்பேடு இருக்கே, சொல்லிக்க வேற ஒண்ணும் இல்லையே'ன்னு பாஸ் சொல்லிட்டேன். எதிராளி ஏஸ், ராஜா, ராணின்னு வரிசையா இறக்கி 9 பிடி எடுத்துட்டுப் போனார். சார் கோபப்படலை. "ஏம்ப்பா, நான் கேள்வி கேட்டேன். நீ பதிலே சொல்லலியே"ன்னார்.

புதுசா ஆடறவங்க எல்லாரும் விழற குழி இதுதான். கையில ஒண்ணுமில்லாதப்போதான் கட்டாயம் பேசணும், மூணே மூணு கிளாவர் இருந்தாலும் '2 கிளாவர்' சொல்லணும். பாஸ் பலசாலியோட பதில். டைமண்ட்ல ராஜா, ராணி, ஜாக்கி, 10, 8 வச்சிருக்கேன், எதிராளி 1 டைமண்ட், சார் டபுள்னா தைரியமா பாஸ். அப்போ சாரும் முதல் சீட்டா துருப்பையே இறக்கணும். எதிராளியோட சின்னத் துருப்பை எல்லாம் உருவி எடுத்துட்டா வெட்டறதுக்கு அவர்கிட்ட ஒண்ணும் இருக்காது.

கணக்கையும் பாருங்க. வல்னரபிள் இல்லாத ஆட்டத்துல எதிராளி 2 ஸ்பேடு சரியா எடுத்தா அவருக்கு 110. அதையே டபுள்ல எடுத்தா கேம் போனஸோட 470. ஒரு பிடி குறைஞ்சா நமக்கு 50க்குப் பதில் 100. ஆக, 50 ரூபா லாபத்துக்கு 360 ரூபாயைப் பணயம் வைக்கறோம். ரெண்டு பிடியாவது குறையும்னு தோணாம விடறது வீண் வீரம்.

மேல்மட்டத்துல கதை தலைகீழ். நாங்க 4 ஹார்ட்ஸ் வரை போனோம், எதிராளி 4 ஸ்பேடு, சார் டபுள். இங்க அது கேள்வி இல்லை, 'இவங்களைப் பிடிச்சுட்டேன்'ங்கற தீர்ப்பு. என் கையில ஆறு ஹார்ட்ஸ், ஒத்தை ஸ்பேடு. பயந்துபோய் 5 ஹார்ட்ஸ் சொன்னேன். அதையும் டபுள் பண்ணாங்க, ஒரு பிடி குறைஞ்சு 100 போச்சு. ஆட்டம் முடிஞ்சு பார்த்தா சார் கையில ஸ்பேடு ராணி, ஜாக்கி, 10, 9. விட்டிருந்தா ரெண்டு பிடி குறைஞ்சு 300 நமக்கு.

அன்னிக்கு சார் ஒரு வார்த்தை சொல்லலை. அடுத்த வாரம் ஆட்டத்துக்கு வழக்கமா வர்ற போன் மட்டும் வரலை. நானே போய்க் கேட்டேன். "400 பாயிண்ட் போனா பரவாயில்லப்பா. என் சீட்டை நான் பார்த்துட்டுச் சொல்றேன், நீ பார்க்காமலே மாத்தறியே"ன்னார். எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு.

இன்னொண்ணு. சிலர் பலமா இருந்தா 'டபுள்!'னு அதட்டுவாங்க, சந்தேகம்னா இழுப்பாங்க. அந்தக் குரலை வச்சு முடிவெடுக்கறது விதிப்படியே தப்பு. போட்டிகள்ல வாயால சொல்லாம பெட்டியிலேருந்து அட்டை எடுத்து வைக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம். எந்த டபுளுக்கு என்ன அர்த்தம்னு ஆட்டத்துக்கு முன்னாடியே பேசி வச்சுக்கணும்.

என் கட்சி இதுதான்: கேள்வியா வர்ற டபுளுக்கு பதில் சொல்லு, தீர்ப்பா வர்ற டபுளை நம்பு. ரெண்டையும் குழப்பிக்கிட்டா போறது பாயிண்ட் மட்டும்னு நான் நினைக்கலை.

போன் இப்போ திரும்ப வருது :-)