பத்து ரூபா ஃபியூஸும் பன்னெண்டு வோல்ட் பேட்டரியும்

மக்களே, ரொம்ப நாளா மனசுல அரிச்சுக்கிட்டிருக்கற மேட்டர். கொஞ்சம் சூடாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

தஞ்சாவூர் ஜில்லான்னாலே எல்லாருக்கும் நெல்லும் பெரிய கோயிலும்தான். பட்டுக்கோட்டை தாண்டித் தெற்கே போனா அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம்னு கடலும் இருக்கு சாமி!

மீனவர்கள் பிடிபட்டாங்கன்னு செய்தி வந்தா போதும், ஆபீஸ் கேன்டீன்ல ஒரே டயலாக். "அதான் ஜிபிஎஸ் இருக்குல்ல, அப்புறம் ஏன் எல்லை தாண்டுறானுங்க?" 1974-ல பாக் நீரிணையில போட்ட கோடு இறாலுக்குத் தெரியுமான்னு கேட்டா சண்டை வரும், அது தனிக் கதை. அந்த ஜிபிஎஸ்ஸுக்கு கரண்ட் எங்கேருந்து வருதுன்னு என்னிக்காவது யோசிச்சிருக்கீங்களா அப்பரசன்டிகளா?

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப, கூடப் படிச்சவனோட மாமாவோட ஃபைபர் போட்டுல ஏறிப் பார்த்தேன். ஒரே ஒரு 12 வோல்ட் பேட்டரி, மேல சாக்கு. ப்ளஸ் போல்ட்டுல நாலு ஒயரை முறுக்கி மாட்டியிருக்கு: ஜிபிஎஸ், வயர்லெஸ், லைட்டு, செல்போன் சார்ஜர். ஜாயின்ட்டெல்லாம் கறுப்பு டேப்பு. பிரிச்சா செம்பு பச்சை பூத்துக் கிடக்கு.

"ஃபியூஸ் எங்க மாமா?"

"வித்த கடையில ஒண்ணும் சொல்லல தம்பி. நம்ம ஆட்டோ எலக்ட்ரீஷியன்தான் மாட்டிக் குடுத்தாரு."

அவரைச் சொல்லிக் குத்தமில்ல. லாரியில இரும்பு பாடியே எர்த்து. ஃபைபர்ல அது கிடையாது, போற ஒயர் மாதிரியே திரும்பி வர்ற ஒயரும் பேட்டரி வரைக்கும் வந்தாகணும். அப்போ நீளம் ரெண்டு மடங்கு.

சின்னக் கணக்கு. 1 சதுர மில்லிமீட்டர் ஒயர், போக 6 மீட்டர், வர 6 மீட்டர். சுமாரா 0.2 ஓம். வயர்லெஸ்ல சும்மா கேட்டுக்கிட்டிருந்தா அரை ஆம்பியர் கூட இழுக்காது. பட்டனை அமுக்கிப் பேசினா 5 ஆம்பியர், ஒயர்லயே 1 வோல்ட் காலி. பச்சை பூத்த ஜாயின்ட் தின்னுறது தனி. செட்டு 13.8 வோல்ட்டை நம்பிச் செஞ்சது. ராத்திரி பூரா லைட் எரிஞ்ச பேட்டரியில 12-ஏ சந்தேகம். ஆக, அடுத்தவன் பேசுறது நல்லாக் கேட்கும், "காப்பாத்துங்க"ன்னு நாம கத்துற நேரத்துல செட்டு அணைஞ்சுடும். கரையில வெச்சு செக் பண்றவங்க கேட்டுப் பார்த்துட்டு 'ஓகே'ன்னு போயிடுவாங்க. ங்கொய்யால!

ஃபியூஸ் இல்லாத கதை இன்னும் மோசம். ஒயர் உரசி ஷார்ட் ஆனா பேட்டரி நூத்துக்கணக்கான ஆம்பியரைக் கக்கும். பக்கத்துலயே டீசல் கேன். நடுக்கடல்ல எங்க ஓடுறது?

2017-ல ஒக்கி வந்து குமரி மீனவர்களைக் கொண்டுபோனப்ப, கரையோட பேச வழியில்லன்னு நாடே பேசுச்சு. 2024 ஆகஸ்ட்ல ஒரு லட்சம் படகுக்கு இலவச டிரான்ஸ்பாண்டர், 364 கோடின்னு திட்டம் ஆரம்பிச்சாங்க. நல்ல விஷயம், கை தட்டுறேன். ஆனா போட்டுல கருவி ஏற ஏற, பழைய முறுக்கு ஒயர்ல பாரமும் ஏறுதே? யானை வாங்கக் காசிருக்கு, அங்குசம் வாங்கத்தான் இல்லையாக்கும்.

நம்ம பொட்டி தட்டுற பயலுகளைக் கேட்டா உடனே "ஒரு ஆப் பண்ணிடலாம் மச்சி"ம்பானுங்க. ஆப்பு தான் வரும்.

கேட்கிறது ரொம்பப் பெருசில்ல. கருவி குடுக்கற அதே டப்பாவுல ஈயம் பூசின செம்பு ஒயர், அழுத்திப் பிடிக்கிற லக்கு, மூடி போட்ட ஃபியூஸ் பாக்ஸ் வெச்சுக் குடுங்க. ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துல இருக்கணும், செட்டுப் பக்கத்துல இல்ல, ஏன்னா அது காப்பாத்த வேண்டியது ஒயரை. வயர்லெஸ்ஸுக்குத் தனியா ஒரு சின்ன பேட்டரி. துறைமுகத்துக்கு ஒரு ஐடிஐ பையனுக்கு இதைச் சொல்லிக் குடுத்து வேலையும் போட்டுக் குடுங்க. விக்கிற கடைக்காரர் மாட்டிக் காட்டி, பட்டனை அமுக்கிப் பேசவெச்சு வோல்ட் பார்த்தப்புறம்தான் பில் போடணும்.

டிஸ்கி: லைட்டுன்னதும் கிளம்பிடாதீங்க. எல்இடி வெளிச்சம் போட்டு மீன் பிடிக்கிறதை 2017-லயே மத்திய அரசு தடை பண்ணியாச்சு. நான் சொல்றது வலை பிரிக்கவும், இங்க ஒரு போட்டு நிக்குதுன்னு கப்பல்காரனுக்குக் காட்டவும் எரியற லைட்டு.