இருக்கைக்குக் கீழே ஒரு பார்வை



வீட்டிலுள்ள பொருள்களுள் நாம் பெரிதும் நம்பியிருந்தும், உள்ளே என்ன இருக்கிறதென்று திறந்து பார்க்காத ஒன்று உண்டு. அதுதான் மோட்டார் சைக்கிள். கணவன், மனைவி, இடையில் குழந்தை என ஒரு குடும்பமே ஏறி அமரும் அவ்வண்டியின் இருக்கைக்குக் கீழே இருப்பவற்றை அறிந்தோர் சிலரே. இருக்கையைக் கழற்றுவது எளிய வேலைதான். சரிபார்த்துத் திரும்பப் பொருத்துவதற்கே முழுக் கவனமும் வேண்டும். ஆண், பெண் இருபாலரும் இதைக் கற்றுக்கொள்ளலாம்.

முதலில் வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டிட்டு நிறுத்துங்கள். எஞ்சினும் சைலன்சரும் நன்கு ஆறட்டும். சாவியை அணைத்து விடுங்கள். சிறு குழந்தைகள் அருகே வராமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

இருக்கை பெரும்பாலும் இரு வகைகளில் பொருத்தப்பட்டிருக்கும். சில வண்டிகளில் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ சாவித் துளை இருக்கும். சாவியைத் திருப்பினால் பூட்டு விடுபடும். வேறு சிலவற்றில் பக்க மூடிகளைக் கழற்றியபின், இருபுறமும் உள்ள போல்ட்டுகளைத் தளர்த்த வேண்டும். அளவு பொருந்தாத ஸ்பேனரைப் பயன்படுத்தினால் போல்ட்டின் தலை மழுங்கிவிடும். பிறகு மெக்கானிக்கே திணறுவார். கழற்றிய போல்ட்டுகளையும் வாஷர்களையும் ஒரு கிண்ணத்தில் இட்டு வையுங்கள்.

இருக்கையின் முன்முனையில் ஒரு நாக்கு இருக்கும். அது பெட்ரோல் டாங்குக்கு அருகே சட்டத்தில் செருகப்பட்டிருக்கும். ஆகவே முன்பக்கத்தைப் பிடித்து மேலே இழுத்தலாகாது. பின்பகுதியைச் சற்றே உயர்த்தி, இருக்கை முழுவதையும் பின்னோக்கி இழுத்தால் இலகுவாக வெளிவரும்.

இருக்கைக்கு அடியிலோ பக்க மூடிக்கு உள்ளேயோ பேட்டரியும் ஃப்யூஸும் ஒயர்களும் தென்படும். பேட்டரியின் முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ தூள் படிந்திருந்தால் அதைத் துடைக்க வேண்டும். அதற்குமுன் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். பாசிட்டிவ் முனையை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் வண்டியின் இரும்புச் சட்டத்தில் பட்டால் தீப்பொறி பறக்கும். சமையல் சோடா கரைத்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முனைகளைத் துடைத்து, உலர்ந்தபின் பாசிட்டிவை முதலிலும் நெகட்டிவை இறுதியிலும் மாட்டுங்கள். மேலே சிறிது வாசலின் தடவினால் தூள் எளிதில் படியாது. நீர் ஊற்றும் வகைப் பேட்டரியாயின், இரு கோடுகளுக்கிடையே நிற்கும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றுங்கள்; குழாய் நீர் ஆகாது. மூடி முத்திரையிட்ட வகையைத் திறக்கவே வேண்டாம்.

அடுத்து ஒயர்களைப் பாருங்கள். பல நாள் ஓட்டாமல் நிறுத்திய வண்டியில் எலி குடிபுகுவதுண்டு. கடிபட்ட ஒயரின்மேல் டேப் சுற்றுவது தற்காலிக வழியே. மெக்கானிக்கிடம் காட்டி மாற்றிவிடுங்கள். ஃப்யூஸ் போய்விட்டால் அதே ஆம்பியர் அளவுள்ள புது ஃப்யூஸையே இடவேண்டும். சிலர் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளையோ செம்புக் கம்பியையோ வைத்துச் சமாளிப்பார்கள். பழுது நேரும்போது தான் எரிந்து மற்றவற்றைக் காப்பதே ஃப்யூஸின் பணி. அது எரியாவிடில் ஒயர் எரியும். அதற்கு வெகு அருகிலேயே பெட்ரோல் இருக்கிறது என்பதை மறவாதீர்கள்.

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிமுறை நடைமுறைக்கு வந்தபின், பல மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர் போய், மின்னணுக் கட்டுப்பாட்டில் பெட்ரோல் செலுத்தும் முறை வந்துவிட்டது. ஆகவே இருக்கையைக் கழற்றிய நிலையில் அங்கே தண்ணீரைப் பீய்ச்சி அடிக்காதீர்கள். உலர்ந்த துணியும் மென்மையான பிரஷும் போதும்.

கழற்றிய இருக்கையையும் கவிழ்த்துப் பாருங்கள். அடித்தட்டு துருப்பிடித்திருக்கிறதா, தாங்கும் ரப்பர்கள் எல்லாம் உள்ளனவா என்று கவனியுங்கள். மேலுறையில் சிறு கிழிசல் இருந்தாலும் மழைநீர் உள்ளே இறங்கிப் பஞ்சு ஊறிவிடும்.

இனிப் பொருத்துதல். ஒயரோ துணியோ இடையில் சிக்காதபடி பார்த்து, முன்நாக்கை முதலில் செருகுங்கள். பிறகு பின்பகுதியை அழுத்துங்கள். பூட்டு வகையாயின் 'டக்' என்ற ஓசை தெளிவாகக் கேட்க வேண்டும். போல்ட்டுகளை முதலில் விரலால் சில சுற்று திருகி, நேராக ஏறுகின்றனவென்று கண்டபின் ஸ்பேனரால் இறுக்குங்கள். முன்னும் பின்னும் தூக்கிப் பார்த்தால் இருக்கை அசையலாகாது.

பின்னிருக்கையில் அமர்பவருக்காக 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி கைப்பிடி, கால்மிதி, ஆடை சக்கரத்தில் சிக்காமல் காக்கும் தடுப்பு ஆகிய மூன்றையும் கட்டாயமாக்கியுள்ளது. இருக்கையைக் கழற்றும்போது கைப்பிடியையோ தடுப்பையோ தளர்த்த நேரிட்டிருந்தால், அதையும் மறவாமல் இறுக்க வேண்டும். குழந்தையை ஒரு கையில் அணைத்திருக்கும் தாய்க்கு, மறுகையில் இருக்கும் ஒரே பிடிமானம் அந்தக் கைப்பிடிதான். எனவே, வேலை முடிந்ததும் ஓட்டுபவர் மட்டும் சோதித்தால் போதாது. பின்னால் அமர்பவரும் ஒருமுறை கைப்பிடியைப் பற்றி இழுத்துப் பார்க்கட்டும். அவர் 'சரி' என்று சொன்னபிறகு வண்டி புறப்படட்டும்.