காதும் தாய்மொழியும் ஒரே கோரிக்கை: வட ஆட்புலப் பூர்வகுடிக் குழந்தைகள் பற்றி எங்கள் நிலைப்பாடு

ஆஸ்திரேலியாவின் வட ஆட்புலத்தில், நகரங்களை விட்டு வெகு தொலைவிலுள்ள பூர்வகுடிக் கிராமங்களில் காதுப் பரிசோதனை பள்ளிக்கூட வாசலில் தொடங்கக் கூடாது. குழந்தை பிறந்த ஆறு மாதத்துக்குள் தொடங்க வேண்டும். அந்தக் குழந்தையிடம் வீட்டு மொழியில் பேசுவதைக் குறைக்கச் சொல்லும் உரிமையும் எவருக்கும் இல்லை. செவித்திறன், பேச்சு வளர்ச்சி, ஆரம்பக் கல்வி ஆகிய துறைகளில் வேலை செய்பவர்களின் சங்கமாகிய நாங்கள் இவ்விரண்டையும் ஒரே கோரிக்கையாக வைக்கிறோம்.

2001 இல் வட, மத்திய ஆஸ்திரேலியாவின் 29 பூர்வகுடிக் கிராமங்களில், ஆறு முதல் 30 மாத வயதுக்குள் இருந்த 709 குழந்தைகளின் காதுகளைப் பார்த்தார்கள். ஏறக்குறைய 91 விழுக்காட்டினருக்கு ஏதாவதொரு வகை நடுக்காது நோய் இருந்தது. 15 விழுக்காட்டினருக்குச் செவிப்பறை ஓட்டையாகி நாள்பட்ட சீழ் வடிந்தது. இந்தச் சீழ்நோய் ஒரு சமூகத்தில் 4 விழுக்காட்டைத் தாண்டினாலே அவசர நடவடிக்கை தேவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நிமோகாக்கல் தடுப்பூசிகள் வந்தபின் காது ஒழுகுவது ஓரளவு குறைந்திருக்கிறது. செவிப்பறைக்குப் பின்னால் சத்தமில்லாமல் நீர் கோத்திருப்பது அப்படியே தொடர்கிறது.

இது பரம்பரைக் குறை என்று சொல்லிக் கைகழுவுபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். உண்மையில் இது வீட்டு நெரிசலின் நோய். இரண்டு அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் படுத்து, குழாயும் பழுதாகிக் கிடந்தால், பெரிய பிள்ளைகளின் மூக்குச்சளியிலுள்ள கிருமிகள், கைக்குழந்தை பிறந்த சில வாரங்களிலேயே அதன் மூக்கில் குடியேறிவிடும். குழந்தையின் மூக்கையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் குட்டையானது, படுக்கைவசமானது. கிருமி மேலேறத் தடையில்லை. பெரும்பாலும் வலி இல்லை, காய்ச்சல் இல்லை. குழந்தை அழுவதில்லை, தாய் கிளினிக்குக்குப் போவதில்லை. பிறந்தவுடன் செய்யும் கேள்திறன் சோதனையில் தேறிய குழந்தைதான் இது. நோய் வருவதே அதற்குப் பிறகு.

வைத்தியம் பெரிய வித்தையல்ல. டிஷ்யூ தாளைத் திரி போல முறுக்கி, காதுக்குள் மெல்லச் செருகி, சீழை உறிஞ்சவிட்டு எடுக்க வேண்டும். திரி ஈரமில்லாமல் வரும்வரை புதுத் திரி மாற்றி மாற்றிச் செய்துவிட்டுச் சொட்டுமருந்து விட வேண்டும். இதை நாள்தோறும், வாரக்கணக்கில், துள்ளும் குழந்தையை மடியில் பிடித்துவைத்துச் செய்ய ஆள் வேண்டும். மாதத்துக்கொரு முறை விமானத்தில் வந்து மாலையில் திரும்பும் நிபுணரால் அது ஆகாது.

நடுக்காதில் நீர் இருந்தால் 20 முதல் 30 டெசிபெல் வரை கேள்திறன் குறையலாம். முழுச் செவிடு அல்ல; ஒரு வாரம் கேட்கும், மறுவாரம் மங்கும். பேச்சைக் கற்கும் வயதில் இந்த ஏற்ற இறக்கமே பெரிய இடைஞ்சல். இதில் மொழிக்கு மொழி வேறுபாடும் உண்டு. இங்குள்ள வார்ல்பிரி போன்ற பூர்வகுடி மொழிகளில் ஸ, ஃப, ஷ போன்ற உரசொலிகளே கிடையாது. நாக்கு தொடும் இடத்தால் வேறுபடும் ஒலிகள்தான் மிகுதி. ன, ண, ஞ என்றும் ல, ள என்றும் பிரித்துக் கேட்டுப் பழகிய தமிழருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. தலைமுறைகளாக இருந்துவந்த காதுநோய்க்கும் இந்த ஒலியமைப்புக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஒலியியலாளர் ஆண்ட்ரூ புட்சர் கருதினார். அது கருதுகோள்தான், அதன்மேல் கொள்கை கட்டச் சொல்லவில்லை. ஆனால் ஆங்கிலத்தின் மெல்லிய உரசொலிகளும், பன்மையைக் காட்டச் சொல்லின் கடைசியில் ஒட்டும் ஸகரமும் இக்குழந்தைகளின் காதிலிருந்து எளிதில் நழுவுகின்றன என்பது வகுப்பறையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

எனவே 2008 இல், பள்ளி நாளின் முதல் நான்கு மணி நேரமும் ஆங்கிலத்திலேயே நடக்க வேண்டும் என்று வட ஆட்புல அரசு ஆணையிட்டது காதுகளைப் பார்க்காமல் எடுத்த முடிவு. 1970களில் தொடங்கிய இருமொழிப் பள்ளிகளை அது முடக்கிப்போட்டது. பின்னர் ஆணை தளர்ந்தது, மனப்பான்மை தளரவில்லை. அரைகுறையாகக் கேட்கும் குழந்தைக்கு, பாட்டி மடியில் வைத்து முகம் பார்த்துப் பேசும் மொழிதான் முதல் பிடிமானம். வார்ல்பிரி, யோல்ங்கு மக்களிடம் கேட்கும் திறனுள்ளவர்களும் பயன்படுத்தும் சைகை மொழிகள் இருக்கின்றன. துக்கம் காக்கும் வார்ல்பிரிப் பெண்கள் மாதக்கணக்கில் பேச்சில்லாமல் சைகையாலேயே உரையாடியிருக்கிறார்கள். இவ்வளவு வளமான உதவி வீட்டிலேயே இருக்க, தாய்மாரிடம் வார்த்தைப் பஞ்சம் இருப்பதாகச் சொல்லும் பிரசுரங்களை நாங்கள் ஏற்கவில்லை.

மென்சீஸ் சுகாதார ஆய்வு நிறுவனம், பேராசிரியர் அமண்டா லீச், ஆஸ்திரேலியாவின் முதல் பூர்வகுடி அறுவை மருத்துவரான கெல்வின் காங் ஆகியோர் தலைமையில், உள்ளூர் ஆட்களையே காதுநலப் பணிக்குப் பயிற்றும் திட்டத்தைத் தொடங்கியது. அதைத் திட்டக்காலம் முடிந்தால் கலையும் வேலையாக வைக்காமல், ஒவ்வொரு கிளினிக்கிலும் நிரந்தரப் பணியிடமாக்க வேண்டும். வகுப்பறைகளில் ஆசிரியர் குரலை எங்கும் சமமாகப் பரப்பும் ஒலிபெருக்கி அமைப்பு, ஏசி இரைச்சலை அடக்கும் சுவர், உள்ளூர் மொழி ஆசிரியர் ஆகிய மூன்றும் ஒன்றாக வர வேண்டும். ஒலிபெருக்கியை மட்டும் வாங்கிப் படம் எடுத்துக்கொள்வதில் பயனில்லை. பூர்வகுடிகளுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பதற்கான 'குளோசிங் தி கேப்' தேசிய ஒப்பந்தம், வளர்ச்சியில் சரியான நிலையில் உள்ள பூர்வகுடிக் குழந்தைகளின் பங்கை 2031க்குள் 55 விழுக்காடாக்க உறுதி கூறுகிறது. காதுநலத்துக்கென்று அதில் தனி இலக்கு எதுவும் இல்லை. அதைச் சேர்க்கக் கோருகிறோம். கூடவே, வீடு கட்டும் நிதியைச் சுகாதார நிதியிலிருந்து பிரித்துப் பார்க்கும் வழக்கத்தை மத்திய அரசும் வட ஆட்புல அரசும் கைவிட வேண்டும்: பழுதான குழாயைச் சரிசெய்ய வரும் பிளம்பரின் கூலியும் காதுநலச் செலவில் சேரட்டும்.