ராட்வீலர் குட்டி வாங்கப் போறீங்களா?

1/ "வீட்டுக்குக் காவலா இருக்கும்"னு 40 நாள் ராட்வீலர் குட்டியை போட்டோ பார்த்து வாங்குறீங்களே, அது பொம்மை இல்லைங்க. ஒன்றரை வருஷத்தில் 40, 50 கிலோ.

2/ 8 வாரமாவது தாயோடும் கூடப் பிறந்த குட்டிகளோடும் இருந்தால்தான் கடியை அடக்கப் பழகும். தாய் நாயை நேரில் காட்ட மறுத்தால் வாங்காதீங்க.

3/ "குட்டிதானே டாக்டர், ஊசி எதுக்கு?" ஓ.பி.யில் அடிக்கடி கேட்கும் கேள்வி. குட்டிக்கு ரேபிஸ் தடுப்பூசி போடுவதே 3 மாத வயதில்தான். கீறினாலும் 15 நிமிஷம் சோப்பு போட்டுக் கழுவிட்டு உடனே ஜி.ஹெச். வாங்க. ரேபிஸ் வந்துட்டா எங்க கையில் ஒண்ணும் இல்லை.

4/ நாள் முழுக்க சங்கிலியில் கட்டி வெறியேத்துறது காவல் இல்லை. திருடன் வருவானோ மாட்டானோ, பந்து எடுக்க பக்கத்து வீட்டுக் குழந்தை கண்டிப்பா வரும். பழக்க நேரம் இல்லையா? நல்ல பூட்டு வாங்குங்க.