எந்த வழியாகப் போகிறாய்?



மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ உள்ள உங்கள் இல்லத்தில், கல்லூரியில் பயிலும் மகன் ஒருநாள் வந்து நிற்கிறான். "வாப்பா, நண்பர்களோடு சைக்கிளில் புதுச்சேரி போய் வருகிறேன்" என்கிறான். தாய் பதறுகிறாள். "கூடாது" என்று ஒரே சொல்லில் முடித்துவிட உங்களுக்கும் தோன்றும். சற்றுப் பொறுங்கள். "எந்த வழியாகப் போகிறாய்?" என்று கேளுங்கள். அவனது பொறுப்புணர்வை அந்தக் கேள்வி அளந்து காட்டிவிடும்.

"கிழக்குக் கடற்கரைச் சாலை" என்பான். சுமார் 150 கிலோமீட்டர் தூரம். கோவளம் தர்காவும் மாமல்லபுரத்துச் சிற்பங்களும் அவ்வழியில்தான் உள்ளன. ஆனால் விடுமுறை நாள்களில் கார்களின் வேகம் அச்சுறுத்தும். மரக்காணத்து உப்பளங்களின் ஓரத்தில் நிழலைத் தேடித்தான் காணவேண்டும். தாம்பரம், செங்கற்பட்டு, திண்டிவனம் வழியாகச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையிலோ அழகு குறைவு; லாரிகள் மிகுதி. எனினும் அவ்வூர்களில் இரயில் நிலையங்கள் உண்டு. பாதியில் உடல் தளர்ந்தவன் வீடு திரும்ப வழியிருக்கிறது.

அடுத்து நேரம். உலகின் பல நாடுகளில் நடைபெறும் 'பிரெவே' எனும் நெடுந்தூரச் சைக்கிள் பயணங்களில், 200 கிலோமீட்டரைக் கடக்க 13½ மணி நேரம் அளிக்கிறார்கள். ஓய்வையும் சேர்த்தால் மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர். அக்கணக்கில் புதுச்சேரிக்குப் பத்து மணி நேரமாகும். சுபுஹு தொழுதுவிட்டு ஆறு மணிக்குப் புறப்பட்டாலும், மரக்காணத்தை எட்டும்போது நடுப்பகல் கடந்துவிடும். குடிநீரை எங்கெங்கே நிரப்புவது என்பதை வீட்டிலேயே குறித்துக்கொள்ள வேண்டாமா?

பிறகு காற்று. தை மாதத்தில் வாடைக்காற்று தெற்கே செல்பவனின் முதுகைத் தள்ளும். திரும்பும்போது அதுவே முகத்தில் மோதும். சித்திரையில் தெற்கிலிருந்து வீசும் காற்று இதற்கு நேர்மாறு. ஆனால் அப்போது வெயில் தாங்காது. ஆகவே தை மாதத்தில் சைக்கிளில் சென்று, வேறு வாகனத்தில் திரும்புவதே உசிதம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, உடன்செல்வோரில் வலுக்குறைந்தவன் யார் என்று கேளுங்கள். அவனால் கடக்கக்கூடிய பாதையே அனைவருக்கும் உரிய பாதை. முதற்பயணம் மாமல்லபுரத்தோடு நிற்கட்டும். சென்று திரும்பினாலே நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும்.

"முடியாமற்போனால் எங்கே நிறுத்துவாய்?" என்பது உங்கள் கடைசிக் கேள்வியாக இருக்கட்டும். அதற்கும் அவனிடம் விடை இருந்தால், மனநிறைவோடு வழியனுப்பி வையுங்கள்.